இரவல் காரில் புதிய வசதிகள்: ஓட்டுவது காரா, நீங்களா?

கார் பட்டறைக்குப் போகிறது. வேலை முடிய ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை ஓட்ட ஓர் இரவல் கார் கிடைக்கிறது. சாவி, கையெழுத்து, "பெட்ரோல் இவ்வளவு இருக்கு, அப்படியே திருப்பிக் கொடுங்க" என்ற ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் நீங்கள் சாலையில் இருப்பீர்கள்.

சிங்கப்பூரில் இது சாதாரண விஷயம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு.

இங்கே வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். அதனால் பலர் ஒரே காரை எட்டு, பத்து ஆண்டு ஓட்டுகிறார்கள். இரவலாகக் கிடைக்கும் காரோ பெரும்பாலும் புதியது. அதாவது, பழைய காரிலிருந்து இறங்கி இரவல் காரில் ஏறும்போது கிட்டத்தட்ட 10 ஆண்டுத் தொழில்நுட்பத்தை ஒரே தாவலில் தாண்டுகிறோம். தானாக வேகத்தைக் குறைக்கும், தானாக ஸ்டியரிங்கைத் திருப்பும், தானாக பிரேக் போடும் கார் அது. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

கார் பகிர்வுச் சேவையில் மணிக்கணக்கில் கார் எடுப்போருக்கும், வாடகைக்கு எடுத்து ஓட்டும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் இதே நிலைதான்.

அண்மையில் எனக்கும் அப்படி ஒரு மின்சார கார் ஒரு வாரத்துக்குக் கிடைத்தது. வேலைக்குப் போக, அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல, மழையில், நெரிசலில், இரவில் என்று ஓட்டிப் பார்த்தேன். அந்த வசதிகள் எங்கே உண்மையாக உதவுகின்றன, எங்கே தடுமாறுகின்றன, ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காரில் என்னென்ன இருந்தன?

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

- தானியக்க அவசர பிரேக்: முன்னால் உள்ள வாகனத்தையோ பாதசாரியையோ இடிக்கப்போகிறோம் என்று கணித்தால் முதலில் எச்சரிக்கும். நாம் எதுவும் செய்யாவிட்டால் தானே பிரேக் போடும்.

- இடைவெளி காக்கும் வேகக் கட்டுப்பாடு: நாம் வேகத்தை நிர்ணயித்தால் போதும். முன்னால் வாகனம் மெதுவானால் இதுவும் மெதுவாகும். அது நின்றால் இதுவும் நிற்கும்.

- தடம் விலகல் எச்சரிக்கை: சமிக்ஞை விளக்கு போடாமல் கோட்டைத் தாண்டினால் ஒலி எழுப்பும், அல்லது ஸ்டியரிங்கை அதிரவைக்கும்.

- தடத்தின் நடுவில் வைத்திருக்கும் வசதி: மேலே சொன்னதிலிருந்து இது வேறு. கோட்டைத் தாண்டும் வரை காத்திருக்காது. தொடர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி காரைத் தடத்தின் மத்தியில் நிறுத்தப் பார்க்கும்.

- மறைபகுதி எச்சரிக்கை: பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வாகனம் வந்தால் கண்ணாடியில் சிறு விளக்கு எரியும்.

- வேக வரம்புப் பலகையைப் படிக்கும் வசதி: கேமராவில் பலகையைப் பார்த்து திரையில் எண்ணைக் காட்டும். தாண்டினால் மணி அடிக்கும்.

இதில் முதலாவதும் நான்காவதும் ஒரே குடும்பம் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. அவசர பிரேக் என்பது கடைசி நேரப் பாதுகாப்பு வலை. அது வேலை செய்ய வேண்டிய சூழல் வராமலே போனால் நல்லது. தடத்தின் நடுவில் வைத்திருப்பதும் வேகக் கட்டுப்பாடும் சொகுசு வசதிகள். அவை எந்நேரமும் நமக்குப் பதிலாக வேலை செய்கின்றன. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

இது 'தானே ஓடும் கார்' இல்லையா?

இல்லை.

எஸ்ஏஇ என்ற அனைத்துலகப் பொறியாளர் அமைப்பு 2014இல் ஒரு தரவரிசையை வெளியிட்டது. அதில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் உண்டு. இன்று கடைகளில் விற்கப்படும் கார்களில் மிகப் பெரும்பாலானவை 2ஆம் நிலையைத் தாண்டவில்லை.

2ஆம் நிலை என்றால் கார் ஒரே நேரத்தில் வேகத்தையும் ஸ்டியரிங்கையும் கவனிக்கும். ஆனால் சாலையைக் கவனிக்க வேண்டியது மனிதர். 3ஆம் நிலையிலிருந்துதான், குறிப்பிட்ட சூழலில் மட்டும், கவனிக்கும் வேலையும் காருக்குப் போகிறது. 4ஆம் நிலையில் குறிப்பிட்ட பகுதிக்குள் ஓட்டுநரே தேவையில்லை.

செந்தோசாவிலும் பொங்கோலிலும் பேசப்படும் தானியக்க வாகனங்கள் வேறு ரகம். பொங்கோல் சேவைக்காக 2025இல் தெரிவுசெய்யப்பட்ட கிராப் - வீரைட் கூட்டணியும் கம்ஃபர்ட்டெல்குரோ - போனி.ஏஐ கூட்டணியும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கண்காணிப்பில் இயங்குபவை. குறிப்பிட்ட பாதைகளில் பலமுறை ஓட்டிப் பழக்கப்பட்ட வாகனங்கள் அவை. கூரைமேல் விலை உயர்ந்த உணர்கருவிகள் இருக்கும். உங்கள் இரவல் காரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவும் முன்பகுதியில் ஒரு ரேடாரும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

எங்கே உண்மையாக உதவியது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நெரிசல்.

மாலை ஆறரை மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் மெல்ல ஊர்ந்து போகும் நேரம். பிரேக், ஆக்சிலரேட்டர், மறுபடியும் பிரேக் என்று கால் வலிக்கும். இடைவெளி காக்கும் வசதியைப் போட்டதும் அந்த வேலை பாதி குறைந்தது. வீட்டுக்கு வந்தபோது வழக்கமான சலிப்பு இல்லை. தினமும் 10 மணிநேரம் ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

மறைபகுதி விளக்கும் அப்படித்தான். தொல்லை தராமல், தேவைப்படும்போது மட்டும் எரிந்தது.

அவசர பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை, யாரும் சாலையில் அதைச் சோதிக்கவும் கூடாது. ஆனால் அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் நிஜ விபத்துகளை ஆராய்ந்தபோது, இந்த வசதியுள்ள கார்கள் முன்னால் செல்லும் வாகனத்தை இடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவும் 2029ஐக் கெடுவாக வைத்து 2024இல் விதிமுறை கொண்டுவந்தது.

எங்கே தடுமாறியது?

1. இடைவெளியில் நுழையும் கார்கள்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடி இடைவெளி என்றால் 50 மீட்டர். ஓட்டுநர் தேர்வில் படித்த பாடம் அது. கார் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. ஆனால் நம் விரைவுச்சாலையில் 50 மீட்டர் காலியாக இருந்தால் யாராவது நுழைந்துவிடுவார்கள். உடனே கார் பிரேக் போட்டுப் பின்வாங்கும். மறுபடியும் ஒருவர் நுழைவார். பின்னால் வருபவருக்குக் காரணமே இல்லாமல் பிரேக் விளக்கு எரிவதுபோல் தெரியும்.

"என்னப்பா, ஒண்ணுமே இல்லாத இடத்துல பிரேக் பிடிக்குற?" என்று அப்பா கேட்டார். பிடித்தது நான் அல்ல, கார் என்றேன். அவர் இருக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

2. வெளியேறும் சாலைகள்

முன்னால் போன லாரி வெளியேறும் பாதையில் திரும்பியதும் கார் "பாதை காலி" என்று முடிவு செய்து வேகத்தைக் கூட்டியது. அதற்கு முன்னால் நிற்கும் வரிசை கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் கணக்கில் வந்தது. மனிதர் அந்த வரிசையின் சிவப்பு விளக்குகளைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார்.

3. கோடுகள்

சாலைப் பணி நடக்கும் இடங்களில் பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு போட்டிருப்பார்கள். வடக்கு - தெற்குப் பாதைக்கான பணிகள் நடக்கும் இடங்களில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், தடங்கள் அவ்வப்போது இடம் மாறும். ஈரத் தரையில் விளக்கொளி பட்டால் அழித்த கோடும் கோடு மாதிரியே மின்னும். அங்கே கார் எந்தக் கோட்டைப் பிடிப்பது என்று தயங்கியது. சட்டென்று உதவியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை என் கையில் விட்டது.

4. மழை

பிற்பகல் பெருமழையில் திரையில் ஓர் அறிவிப்பு: முன்பக்கக் கேமரா மறைக்கப்பட்டுள்ளது, சில வசதிகள் தற்காலிகமாக இயங்கா. நேர்மையான அறிவிப்புதான். ஆனால் ஓட்டுநருக்கு உதவி அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

5. எண்கள்

துணைச் சாலையின் வேக வரம்புப் பலகையைப் பார்த்துவிட்டு, விரைவுச்சாலையில் இருக்கும்போதே மணி அடித்தது. தப்பான எண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. பலகையை நாமே பார்ப்பதுதான் சரி.

ஆகப் பெரிய கேள்வி: மோட்டார்சைக்கிளோட்டிகள்

மேலே சொன்னவை தொல்லைகள். இது வேறு.

காலையில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக வரும். நெரிசல் என்றால் இரண்டு தடங்களுக்கு நடுவில் புகுந்து போவார்கள். அனுபவமுள்ள கார் ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள்? கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்ததும் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் ஓரம் ஒதுங்கி வழி விடுவார்கள். எழுதப்படாத மரியாதை அது.

நான் அப்படி ஒதுங்கப் பார்த்தபோது ஸ்டியரிங் எதிர்த்தது. தடத்தின் நடுவுக்கே இழுத்தது. அதைப் பொறுத்தவரை நடுவில் இருப்பதுதான் பாதுகாப்பு. பக்கத்தில் உரசிக்கொண்டு வருபவர் அதன் கணக்கில் இல்லை. இழுவை பலமானது அல்ல, கையால் சமாளிக்கலாம். ஆனால் எதிர்பார்க்காதவர் திடுக்கிட்டுவிடுவார்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு 142 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர்களும். இங்கே சாலைப் பாதுகாப்பு என்றாலே முதலில் அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்த வசதிகளில் பல, கார்களே நிறைந்த அமெரிக்க, ஐரோப்பிய நெடுஞ்சாலைகளை மனத்தில் வைத்து வளர்ந்தவை. முன்னே சொன்ன அமெரிக்கக் காப்புறுதிக் கழகமே இன்னோர் ஆய்வில் ஒன்றைக் கண்டறிந்தது: முன்னால் இருப்பது கார் என்றால் அவசர பிரேக் தரும் பலன் அதிகம். மோட்டார்சைக்கிளோ பெரிய லாரியோ என்றால் பலன் குறைகிறது. மோட்டார்சைக்கிள் மெல்லிய உருவம். ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் உலோகப் பரப்பும் குறைவு. தடத்தின் ஓரத்தில் போனால் "என் பாதையில் இல்லை" என்று கார் முடிவு செய்துவிடலாம்.

தென்கிழக்காசியாவின் கார் பாதுகாப்புச் சோதனைத் திட்டமான ஆசியான் என்கேப், 2021 முதல் 2025 வரையிலான மதிப்பீட்டு முறையில் மோட்டார்சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்கென்றே தனிப் பிரிவை வைத்ததற்குக் காரணம் இதுதான். இரு சக்கர வாகனங்கள் நிறைந்த நம் வட்டாரத்தில், காரை வாங்குபவரை மட்டும் காப்பாற்றும் தொழில்நுட்பம் போதாது.

கார் ஏன் அதைப் பார்ப்பதில்லை?

ரேடாரும் கேமராவும் பார்க்கும் விதம் வேறு.

ரேடார் ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிறது. கார்களில் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. தூரத்தையும் வேக வித்தியாசத்தையும் துல்லியமாகச் சொல்லும். இருட்டு பிரச்சினையில்லை, மழையையும் ஓரளவு தாங்கும். ஆனால் அது உருவத்தைச் சரியாக அறியாது. மேம்பாலம், உலோகப் பலகை, சாலைத் தடுப்பு எல்லாமே அசையாத பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் காரே ஓடாது. அதனால் பல ரேடார் மென்பொருள்கள் அசையாத பொருள்களை வடிகட்டுகின்றன. அந்த வடிகட்டலில் சாலையில் பழுதாகி நிற்கும் லாரியும் அடிபட்டுப்போகலாம். பல கார்களின் கையேட்டில் "நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை இந்த வசதி உணராமல் போகலாம்" என்று எழுதியிருப்பது அதற்காகத்தான்.

கேமரா உருவத்தைப் புரிந்துகொள்ளும். இது கார், இது மனிதர், இது கோடு என்று சொல்லும். ஆனால் நம் கண் எங்கே சிரமப்படுமோ அங்கே அதுவும் சிரமப்படும். காலையில் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் சாங்கியை நோக்கிப் போகும்போது முகத்தில் அடிக்கும் வெயில், பெருமழை, கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு. முன்கண்ணாடியை மாற்றினால் பல கார்களில் கேமராவை மறுபடியும் சரியான கோணத்துக்கு அளவு திருத்த வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் கார்கள் ஒன்றின் குறையை மற்றொன்றால் சமாளிக்கின்றன. முழுக்கச் சமாளிக்கின்றன என்று சொல்ல முடியாது.

கார் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. நாமும்தான்.

ஒரு வேலையைச் செய்வது மனிதருக்குச் சுலபம். இன்னொருவர் செய்வதை உட்கார்ந்து கண்காணிப்பது கடினம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் எதிரியின் அடையாளத்தைத் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் கவனம் சரிகிறது என்று 1948இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரை இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சாரம் இதுதான்: சுலபமான பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதரிடம் விடுகிறோம். அவரோ அதுவரை பழக்கம் விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

காரில் இது எப்படித் தெரியும்? முதல் நாள் இரண்டு கையாலும் பிடித்தேன். மூன்றாம் நாள் ஒரு கை. பிறகு பாட்டை மாற்றலாமா, செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. கார் நன்றாக ஓட்ட ஓட்ட நம் கவனம் குறைகிறது. மூன்று விநாடி திரையைப் பார்த்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் 75 மீட்டர் கடந்துவிடுவோம். ஆறு பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம் அது.

2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் நடந்த விபத்து இதை உலகுக்குக் காட்டியது. ஷாவ்மி எஸ்யு7 கார் ஒன்று ஓட்டுநர் உதவி இயங்கிய நிலையில் இரவில் விரைவுச்சாலையில் மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. முன்னால் சாலைப் பணிக்காகத் தடம் மூடப்பட்டிருந்தது. கார் எச்சரித்தது. ஓட்டுநர் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார். ஆனால் எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையில் இருந்தது சில விநாடிகள் மட்டுமே. மூவர் உயிரிழந்தனர்.

அடுத்த மாதமே சீன அதிகாரிகள் கார் நிறுவனங்களை அழைத்து, விளம்பரங்களில் "தானியக்க ஓட்டம்", "அறிவார்ந்த ஓட்டம்" போன்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறினர். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா ஏறக்குறைய 2 மில்லியன் கார்களை மீட்டுக்கொண்டதும் இதே கவலையால்தான். ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று 'ஆட்டோபைலட்' போதிய அளவு சரிபார்க்கவில்லை என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு கருதியது.

இது சிங்கப்பூருக்கும் பொருந்தும். 2024இல் இங்கே அதிகமாகப் பதிவான புதிய கார்களில் பிஒய்டி நிறுவனத்துடையவையும் அடங்கும். அதே ஆண்டு பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சார கார். அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த வசதிகள் அடிப்படை ரகத்திலேயே வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் சாலையில் பாதிக் கார்கள் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு?

சுருக்கமான பதில்: ஓட்டுநருக்கு.

2ஆம் நிலைக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பார்வையில் வாகனத்தை ஓட்டுபவர். கவனக்குறைவாகவோ ஆபத்தாகவோ ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், "கார் பிரேக் போடும்னு நினைச்சேன்" என்பது தப்பிக்கும் வழி அல்ல. தடத்தின் நடுவில் வைத்திருக்கும் வசதி இயங்கினாலும், கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அது குற்றமே.

இரவல் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார் உங்களுடையது அல்ல. விபத்து என்றால் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாராவது ஓட்டலாமா, ஜொகூருக்கு எடுத்துப்போக அனுமதி உண்டா என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஓயாமல் மணி அடித்தால் அணைத்துவிடலாமா?

பலர் செய்வது இதைத்தான். ஏறியவுடன் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். எரிச்சல் புரிகிறது. ஒரு வாரத்தில் அந்த ஒலி எனக்குக் கனவில்கூடக் கேட்கும்போல் இருந்தது.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. முதலில் பார்த்த வித்தியாசம் இங்கே உதவும்.

அவசர பிரேக்கையும் மறைபகுதி எச்சரிக்கையையும் அணைக்க வேண்டாம். அவை நம் கவனத்தைக் குறைப்பதில்லை. நாம் தவறவிட்டால் மட்டும் குறுக்கிடுகின்றன. பலன் நிரூபிக்கப்பட்டது.

தடத்தின் நடுவில் வைத்திருக்கும் வசதி உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், இரவல் காரில் அதை அணைத்துவைப்பதில் தப்பில்லை. அதே அமெரிக்கக் கழகம் 2024 மார்ச்சில் இத்தகைய 14 ஏற்பாடுகளை மதிப்பிட்டது. ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்வதில் ஒன்றுக்கு மட்டுமே "ஏற்கத்தக்கது" என்ற தரம் கிடைத்தது. 11 "மோசம்" என்ற தரம் பெற்றன. இவை விபத்துகளைக் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் அது சொன்னது. சொகுசுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிகிறது.

வேக எச்சரிக்கை உங்கள் விருப்பம். பல கார்களில் அணைத்தாலும் அடுத்த முறை காரை இயக்கும்போது மறுபடியும் வந்துவிடும். அது பழுது இல்லை. ஐரோப்பிய விதிமுறை அப்படிக் கேட்கிறது, அதே மென்பொருள் இங்கேயும் வருகிறது.

இரவல் கார் எடுக்கிறீர்களா? கிளம்பும் முன் 10 நிமிடம்

- என்னென்ன வசதி இருக்கிறது என்று கேளுங்கள். கொடுப்பவருக்குத் தெரியாவிட்டால் திரையில் "ஓட்டுநர் உதவி" பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் ஏதாவது அணைத்துவைத்திருக்கலாம்.

- அவசர பிரேக் இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

- தடம் தொடர்பான வசதியை அணைக்கும் பொத்தான் எங்கே என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடியுங்கள். ஓடும்போது திரையில் தேடக் கூடாது.

- வேகக் கட்டுப்பாட்டை ரத்துசெய்யும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை மிதித்தால் அது விடுபடும். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் விடுபடாது.

- மின்சார கார் என்றால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எவ்வளவு பலமாக வேகம் குறைகிறது என்று அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலேயே மெதுவாகப் பழகிப் பாருங்கள்.

- முன்கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தைத் துடையுங்கள். அங்கே எதையும் ஒட்டாதீர்கள்.

- மழையிலும், சாலைப் பணி நடக்கும் இடத்திலும், மோட்டார்சைக்கிள்கள் நெருக்கமாக வரும் நேரத்திலும் நீங்களே முழுமையாக ஓட்டுங்கள்.

- திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் கைப்பேசி இணைப்பையும் வீட்டு முகவரியையும் காரின் நினைவிலிருந்து அழியுங்கள். தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் எல்லாம் அதில் தங்கியிருக்கும்.

காரைக் கொடுப்பவர்களும் கொஞ்சம் மாறலாம். கீறல் எங்கே, பெட்ரோல் எவ்வளவு என்று ஒரு தாள் நிரப்புகிறார்கள். அந்தத் தாளிலேயே இந்தக் காரில் எந்த உதவி வசதிகள் இயங்குகின்றன, எதை எங்கே அணைப்பது என்று நான்கு வரி சேர்த்தால் செலவே இல்லை. தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் இருந்தால் வாடகைக் கார் ஓட்டும் பல மூத்தவர்களுக்கு இன்னும் உதவும்.

இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அவசர பிரேக் ஏற்கெனவே பல விபத்துகளைத் தவிர்த்திருக்கிறது. கார்களும் ஆண்டுக்கு ஆண்டு இன்னும் நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். அதுவரை, பக்கத்துத் தடத்தில் தலைக்கவசத்தோடு வேலைக்குப் போகும் அந்த மோட்டார்சைக்கிளோட்டியைப் பார்க்க வேண்டிய கண் உங்களுடையதுதான்.